கல்விக் கொள்கை பற்றிய கருத்துக்கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

சில காலம் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்புப் படிவம் நிரப்பியவன் என்பதால் சொல்கிறேன்: எண்ணை நம்புவதற்கு முன் கேள்வியைப் படியுங்கள்.

"தேர்ச்சி பெறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வேண்டுமா?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "கட்டாயம். பயம் இருந்தால்தான் படிப்பார்கள்" என்றார். 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து பேரன் எட்டிப் பார்த்தான். "இவனுக்குக் கணக்கே வராது. அதற்காக இவனை நிறுத்திவிடாதீர்கள், மனம் உடைந்துபோவான்" என்றார். என்னமோ நான்தான் நிறுத்தப் போகிறேன் என்பதுபோல! அந்த இரண்டாவது பதிலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இது அந்தப் பாட்டியின் குழப்பம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஃபை டெல்டா கப்பா என்ற கல்வியாளர் அமைப்பு 1969இல் தொடங்கிய கணிப்பில், தங்கள் பகுதிப் பள்ளிகளுக்குத் தாராளமாக ஏ, பி தரம் கொடுப்பவர்கள், நாட்டின் பள்ளிகள் என்று பொதுவாகக் கேட்டால் கையைச் சுருக்கிக்கொள்வது பல ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது. முன்னது கண்ணால் பார்ப்பது. பின்னது காதில் விழுவது. அங்கேயே 'எஜுகேஷன் நெக்ஸ்ட்' என்ற கல்விக் கொள்கை இதழின் கணிப்பில், பள்ளிகளுக்குச் செலவைக் கூட்டலாமா என்று ஒரு பிரிவினரிடம் நேரடியாகவும், இன்னொரு பிரிவினரிடம் ஒரு மாணவருக்கு அப்போது ஆன செலவைச் சொல்லிவிட்டும் கேட்டிருக்கிறார்கள். தொகையைக் கேட்டவர்களிடம் ஆதரவு சட்டென்று குறைந்திருக்கிறது. இரண்டில் எதை மக்கள் கருத்து என்பது?

எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்ற மாதிரி அளவைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேர் இருந்தால் பிழை வரம்பு, அதாவது எண் மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, சுமார் 3 சதவீதப் புள்ளிதான். அதில் பெரிய மர்மம் இல்லை. 'தெரியாது' என்ற கட்டம் இருந்ததா என்று பாருங்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களில், இல்லவே இல்லாத '1975 பொது விவகாரச் சட்டம்' பற்றிக் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கருத்துச் சொல்லியிருக்கிறார். பாடத்திட்டம், மதிப்பீட்டு முறை என்று கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்களா?

பாட்டி சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். "ஓரத்தில் எழுதாதே, கணினியில் ஏற்ற முடியாது" என்று மேற்பார்வையாளர் அழித்துவிட்டார்.