கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கேள்வி: ராதாபுரம் பக்கம் ஒரு வெல்டிங் யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ராத்திரியில் இரிடியம் என்ற கதிர்வீச்சுப் பொருளை வைத்துப் படம் எடுக்கிறார்கள். என் ஆட்களில் பாதிப் பேர் பிள்ளை பிறக்காது என்று பயப்படுகிறார்கள். மீதிப் பேர், யாரும் கிட்டே வராமலிருக்கக் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டிக் குறுக்கே நடக்கிறார்கள். எப்படிப் புரிய வைப்பது?

பதில்: "மணவாளக்குறிச்சி மணலிலேயே கதிர்வீச்சு இருக்கு, இது என்ன பெரிசு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மணலில் இருப்பது உண்மைதான். ஆனால் பயந்தவருக்கு அது மழுப்பலாகப் படும். துணிந்தவருக்குக் கயிற்றைத் தாண்ட இன்னொரு காரணம் கிடைக்கும்.

பிள்ளைப் பேச்சை நீங்களே முதலில் எடுங்கள். ஆண்களுக்கு ஒரே தடவையில் சுமார் 100 முதல் 150 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) விரையில் பட்டால்தான் விந்தணு கொஞ்ச நாளைக்குக் குறையும். கயிற்றுக்கு வெளியே இருப்பவருக்கு ஒரு வருடத்துக்கே வரம்பு 1 மில்லிசீவர்ட். இது போக, இயற்கையாகவே உலக சராசரியில் ஒருவருக்கு வருடத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. அப்புறம், காலையில் அந்தக் குழாயைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார்கள். ஒட்டாது. இரிடியம் அதன் தடுப்புப் பெட்டிக்குள் திரும்பிய நொடியே குழாயின் மேல் படும் கதிர்வீச்சு பெரும்பாலும் நின்றுவிடும்; குழாயில் எதுவும் தங்காது.

இதை வாயால் சொன்னால் போதாது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு, கயிற்றுக்கு வெளியே நின்று, அதிகம் பயப்படுகிறவர் கையிலேயே கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கொடுங்கள். படம் எடுக்குமுன், எடுக்கும்போது, எடுத்தபின் என்று மூன்று தடவையும் அவரே எண்ணைச் சத்தமாக வாசிக்கட்டும்.

தாண்டுகிறவர்களுக்குப் பதனீர் காய்ச்சும் அடுப்பைச் சொல்லுங்கள். இரண்டடி தள்ளினாலே அனல் எவ்வளவு குறைகிறது! இங்கேயும் தூரம் இரண்டு மடங்கானால் அளவு நாலில் ஒன்று. பத்து மடங்கானால் நூறில் ஒன்று. ஆனால் அடுப்பு சுடுவது உடனே தெரியும், இது படுவது தெரியாது. அதனால்தான் கயிறு கட்டுகிறோம்.

1999-இல் பெரு நாட்டில் ஒரு வெல்டர், கீழே கிடந்த இரிடியத் துண்டை என்னவென்று தெரியாமல் எடுத்துப் பேண்டின் பின்பையில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். வலது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் துண்டு எப்படி இருக்கும் என்று உங்கள் ஆட்களுக்குப் படம் காட்டுங்கள். அப்படி ஒன்று கிடந்தால் தொடக்கூடாது. விலகிப் போய், மற்றவரையும் விலக்கி, படம் எடுக்கும் குழுவைக் கூப்பிட வேண்டும். இதை ஒவ்வொருவரும் தன் வாயால் உங்களிடம் திருப்பிச் சொல்லட்டும்.