சின்னப்பையனின் கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வாழப்பாடிப் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். இப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. என் பெயர் சின்னப்பையன். அப்பாவின் அப்பா பெயர் அது. நான் முதல் பேரன் என்பதால் எனக்கு வைத்துவிட்டார்கள். முப்பத்து நான்கு வயதாகிறது, காதோரம் நரை வந்துவிட்டது, இன்னும் சின்னப்பையன்.

ஊரில் இருந்தவரை ஒன்றும் உறுத்தவில்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு சின்னப்பையன்கள் உண்டு. கல்லூரி ராகிங்கில்தான் தொடங்கியது. 'சின்னப்பையனுக்கு ஹாஸ்டல்ல என்னடா வேலை?' பெங்களூரில் தமிழ் தெரியாதவர்கள் சின்னா என்கிறார்கள். தெரிந்தவர்கள் முதல் தடவை சிரிக்கிறார்கள். கம்பெனி என்னை ஒரு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருந்ததால், எல்லோரும் என்னை மிஸ்டர் கந்தசாமி என்றார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம். பிள்ளைக்கு இனிஷியல் 'சி' வரும். பள்ளியில் அப்பா பெயர் கேட்பார்கள். அதற்குள் கெஜட்டில் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர், 'இது நம்ம மண்ணோட பேரு, மாத்தாதே' என்கிறார். சொந்தப் பெயருக்கு வெட்கப்படுவது தப்பா அக்கா? என் பெயரைப் போடலாம், கிராமத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

சின்னப்பையன்

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் நண்பர். அவர் பெயர் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்தவரை மண்ணின் பெயர் என்று உருகுகிறவர்கள் சுரேஷாகவோ ரமேஷாகவோதான் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தர்ஷன், தன்விகா. மாதையன், பாவாயி, சின்னப்பையன் எல்லாம் அடுத்த வீட்டுக்காரர் சுமக்க வேண்டிய மரபு. ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டிக்காரர் மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அந்த வாரம் சேலத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் அந்தப் பெயர்தான். அதே மாதம் எங்கள் தெருவில் பிறந்த பையனுக்கு வைத்த பெயர் ரித்விக். எல்லோரும் கொண்டாடினார்கள், யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை. நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு இருக்கிற உரிமை உங்களுக்கும் உண்டு என்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே, மாற்றலாமா என்றால் தாராளமாக மாற்றலாம். பெயரை மாற்றுவது பெற்றவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் சொல்வார்கள். மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டத்தில் வேண்டாத பெண்பிள்ளை என்று பொருள்படும்படி நகுஷி என்று பெயர் வைக்கப்பட்டிருந்த 285 பேருக்கு, 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா நடத்திப் புதுப்பெயர் கொடுத்தது. அதை யார் துரோகம் என்பார்கள்? நம் பக்கத்திலும் பிள்ளைகள் தங்காத வீட்டில் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று வைப்பார்கள். தவிட்டுக்கு விற்பதுபோல் விற்றுத் திரும்ப வாங்குவார்கள். அந்தப் பெயர் பிள்ளையைக் காப்பாற்ற வைத்தது, சதாராவில் வைத்தது பிள்ளை பிறந்த சலிப்பில். இரண்டையும் நான் ஒன்றாகப் பார்க்கமாட்டேன். ஆனால் சுமக்கிறவருக்குக் கனத்தால் இறக்கி வைக்கலாம் என்பதில் வித்தியாசம் இல்லை.

உங்கள் பெயர் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது தாத்தா பெயர், ஊரில் மரியாதையாகவே புழங்கிய பெயர். அப்படியானால் வெட்கம் எங்கிருந்து வந்தது?

1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாடு அதைப் பெருமளவு கேட்டது. நல்ல காரியம். ஆனால் வாலை வெட்டினாலும் தலை காட்டிக்கொடுத்துவிடுகிறது. சின்னப்பையன் என்றதும், நாலு இடம் பார்த்த தமிழனுக்கு எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர் மானாவாரிக் காடு, வீட்டில் யார் முதலில் பள்ளிக்கூடம் போனது என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடிவிடும். பல நேரம் சாதிவரை ஓடும். உங்களைப் பார்த்துச் சிரித்தவர் சிரித்தது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். வாழப்பாடியில் யாரும் சிரிக்காததற்கு அதுதான் காரணம், அங்கே எல்லோருக்கும் அதே கணக்கு. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வெட்கம் வரும். நியாயம் பார்த்து வருவதில்லை அது.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினேன். மலைக் கிராமத்துப் பிள்ளைகளும், எஸ்டேட் லைன் பிள்ளைகளும், டவுனில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போதே தெரியும். சில பெயர்களுக்கு 'உள்ளேன் மிஸ்' கணீரென்று வரும், சில பெயர்களுக்குக் கை மட்டும் பாதி உயரும். பாட்டி பெயர் வைக்கப்பட்ட ஒரு சிறுமி ஒருநாள் மேஜை அருகே வந்து, "மிஸ், என்னைப் பிரியான்னு கூப்பிடுங்க" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. சரி பிரியா, போய் உட்காரு என்றேன். அடுத்த வாரம் வகுப்பில் மூன்று பிரியாக்கள். தலைமையாசிரியைக்கு இதில் உடன்பாடு இல்லை, பதிவேடு என்னாவது என்றார். பதிவேட்டில் இருந்த பெயர் பதிவேட்டிலேயே இருந்தது, கூப்பிட்டது வேறு பெயர். முதல் பிரியா மட்டும் அதற்குப் பிறகு முன்வரிசைக்கு வந்துவிட்டாள். மற்ற இருவருக்கும் பத்து நாளில் அலுத்துப்போய்ப் பழைய பெயருக்கே திரும்பினார்கள். ஒருத்திக்கு அது தேவை, மற்றவர்களுக்கு ஆசை. வெளியிலிருந்து பார்த்து எது எது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மிஸ்டர் கந்தசாமி. இன்னொருவர் பெயரால் அழைக்கப்பட்டு ஏன் நிம்மதி வரவேண்டும்? பெயரின் பின்பாதி காலியாக இருந்திருந்தால் அங்கே இருக்கிற ஒரே பெயரைப் பின்பாதிக்குத் தள்ளி, முதல் பெயர் தெரியாது (First Name Unknown) என்ற பொருளில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்தை முன்னால் ஒட்டியிருப்பார்கள். தமிழ்ப் பையன்கள் பலரை அமெரிக்க ஆபீஸில் அந்த எழுத்துகளாலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வகையில் நீங்கள் தப்பித்தீர்கள். ஆனால் நிம்மதிக்குக் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்? நம் பக்கத்து வீடுகளை வைத்துச் சொல்கிறேன், நிச்சயம் சின்னப்பையன் என்று இருக்காது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டார். சாமி, கண்ணு, தம்பி, இதில் ஏதோ ஒன்று. அப்பாவும் தன் அப்பா பெயரைச் சொல்லி 'டேய்' போட்டிருக்கமாட்டார். பாட்டிக்கோ அது புருஷன் பெயர், கேட்கவே வேண்டாம். குழந்தை நாலரை மாத வாக்கில் தன் பெயரின் ஒலியை அடையாளம் கண்டுகொள்கிறது என்று 1995-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. நாலரை மாதத்தில் நீங்கள் திரும்பிப் பார்த்தது 'சாமி'க்குத்தான். சின்னப்பையன் உங்கள் காதில் முதலில் விழுந்தது அநேகமாக ஒன்றாம் வகுப்பு வாத்தியார் வாயிலிருந்து, கையில் பிரம்போடு. அதற்குப் பிறகு ரேஷன் கடை, ஹால் டிக்கெட், ராகிங். ஆக, உங்களிடம் பிரியமாக இருந்தவர்கள் யாருமே சொல்லாத பெயர் அது. கந்தசாமி அப்படி இல்லை. பாட்டி தோட்டத்திலிருந்து 'கந்தா' என்று குரல் கொடுத்ததை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! அந்த வீட்டில் உரக்க ஒலித்த பெயர் அதுதான். அமெரிக்காவில் அந்தப் பெயரைக் கேட்டு உங்களுக்கு நிம்மதி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

(இப்போது நிலைமை தலைகீழ். நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து வைத்த பெயர்கள் பாட்டிமார் வாயில் நுழைவதில்லை. அவர்களும் கண்ணு, சாமிக்கே போய்விடுகிறார்கள்.)

இதைச் சொல்வது பெயரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக இல்லை. உங்கள் மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்? 'என்னங்க' என்றால் அங்கேயும் அந்தப் பெயருக்கு வழியில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்றால், மாற்றுவதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்பாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், போன் வேண்டாம். அவர் வருத்தப்படக்கூடும். அது அவருடைய அப்பாவை நினைத்து வரும் வருத்தமாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நம்மில் பலர் தாத்தா எழுத்து, அப்பா எழுத்து என்று இரண்டு இனிஷியல் போட்டுக்கொள்கிறார்கள். நீங்களும் சி.க. என்று போட்டுக்கொண்டால், நீங்கள் இறக்கி வைக்கும் பெயர் தாத்தா பெயராகவே உங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது.

ஆபீஸ் வேலைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும். அரசிதழில் வெளியிட்டால்தான் மற்ற எல்லாம் நகரும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், ஏற்கெனவே எழுத்துப்பிழைக்கு ஒரு தடவை திருத்தியிருந்தால் கவனம். மதிப்பெண் பட்டியல்களில் பழைய பெயரே இருக்கும் என்று வைத்துக்கொண்டு அரசிதழ் நகலைக் கூடவே வைத்திருங்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவில் பிள்ளை பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. ஆனால் அப்பா பெயர் முதல் நாளே ஏறிவிடும், பிறகு திருத்துவது அலைச்சல்.

நேரம் குறைவுதான். ஆனால் இவ்வளவு எழுதியவர் ஒன்றை எழுதவில்லை. என்ன பெயருக்கு மாறப்போகிறீர்கள்? இந்தப் பெயர் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு பக்கம் இருக்கிறது, வேறு எந்தப் பெயர் வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. அந்தப் பெயரை முடிவு செய்து, வீட்டில் பத்து நாள் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். யாராவது கூப்பிடும்போது தானாகத் திரும்புகிறீர்களா என்று தெரியட்டும், பிறகு விண்ணப்பம் வாங்கலாம்.

அன்புடன்,
அக்கா