தோட்டப்பாதை இலக்கு: குறைப்பதா, அப்படியே வைப்பதா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துப் பிரதேச சபையொன்றில் திட்டமிடல் வேலை பார்க்கிறேன். இவ்வருடம் 6 கிலோமீற்றர் தேயிலைத் தோட்டப்பாதைக்குக் கொங்கிரீட் போட இலக்கு வைத்தோம், 3.5தான் முடிந்தது. அடுத்த வருடம் இலக்கைக் குறைக்கலாமா?

பதில்: எண்ணைத் தொடுமுன், மீதி 2.5 கிலோமீற்றர் எங்கே நின்றது என்று பாதை பாதையாக எழுதிப் பாருங்கள். மழையா, தோட்டக் கம்பனியின் சம்மதக் கடிதமா, ஒப்பந்தகாரரா, பணமா? "சீரற்ற காலநிலை" என்று ஒரே வரியில் முடித்தால் அடுத்த வருடமும் அதே வரிதான்.

உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை. அது விட்டால் ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. கொங்கிரீட்டுக்கு நம்பக்கூடியது ஜனவரி முதல் மார்ச் வரைதான். நிதியாண்டோடு சேர்த்து ஜனவரியில் மதிப்பீட்டைத் தொடங்கினால், டெண்டர் முடிவதற்குள் மழை வந்துவிடும். மதிப்பீடும் கடிதங்களும் முந்திய ஒக்டோபரிலேயே தயாராகட்டும். (பதுளைப் பக்கத்துச் சபைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே பெருமழை வருடக் கடைசியில்.)

கடிதம் கையிலுள்ள, சரிவு அபாயமில்லாத பாதைகளே உறுதி இலக்கு. மற்றவற்றை நிபந்தனையோடு எழுதுங்கள்: 'பெப்ரவரி 15க்குள் கடிதம் வராவிட்டால் பதிலாக இன்ன பாதை.' சிலர் மீதி 2.5 கிலோமீற்றரை 60 சதவீத வாய்ப்பு என்று பெருக்கி 1.5 கிலோமீற்றர் என்பார்கள். நான்கைந்து பாதைகளுக்கு அந்தக் கணக்கு உதவாது. கடிதம் வந்தால் முழுப்பாதை, வராவிட்டால் ஒன்றுமில்லை.

மண்சரிவுக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளையே எடுங்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 எச்சரிக்கை, 150 வெளியேற்றம். 75 தாண்டியதும் வேலையை நிறுத்தும் அதிகாரம் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு உண்டு, அந்த நாட்கள் தாமதத்தில் சேராது என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இலக்குக்குப் பயந்து ஆட்களை மண்திட்டுக்குக் கீழே நிறுத்துவார்கள்.

இலக்கே இடரை உண்டாக்குவதும் உண்டு. போட்ட மீற்றரை மட்டும் எண்ணினால், மீற்றர் காட்டாத பக்கவாய்க்காலும் மதகும் விடுபடும். மழைநீர் பாதை ஓரமாக ஓடி அடிமண்ணை அரிக்கும். மேலே பார்த்தால் பாதை நன்றாக இருக்கும். கொழுந்து லொறியின் பின்சில்லு ஏறியதும் விளிம்பு உடைந்து இறங்கும். அதனால் வாய்க்காலோடு முடிந்து, குறைந்தது 7 நாள் ஈரம் காத்த மீற்றரையே எண்ணுங்கள். பக்கத்தில் இன்னொரு நிரல்: ஒரு மழைக்காலம் தாண்டியும் உடையாமல் நின்றது எத்தனை. அது அடுத்த வருட அறிக்கையில்தான் நிரம்பும், பரவாயில்லை.