காசல்ரீ கரைக்கு எந்தத் தூண்டில் தடி?

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சின்ன வயதிலிருந்து மூங்கில் கம்பில்தான் தூண்டில் போடுகிறேன். காசல்ரீ டேம் கரையில் திலாப்பியாவும் எப்போதாவது கெண்டையும் மாட்டும். இப்போது ரீல் வைத்த தடி வாங்க ஆசை. கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்று, இழுத்தால் 12 அடிக்கு நீளும் தடி, ரீலும் தங்கூசியும் (நைலோன் நூல்) சேர்ந்த செட். இன்னொன்று 7 அடி, இரண்டு துண்டாகக் கழற்றலாம். மூன்றாவது கடலுக்கு என்று ஒரு தடித்த தடி. பெரிய மீனுக்கும் தாங்குமாம். கையில் 10,000 ரூபா இருக்கிறது. எதை வாங்க?"

7 அடித் தடியை வாங்குங்கள். ஆனால் காசைக் கொடுக்க முன்னால், கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். தடியின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும். கிராமில் இருப்பது, அந்தத் தடியால் எவ்வளவு எடையை எறியலாம் என்பது. இறாத்தலில் (lb) இருப்பது, எவ்வளவு பலமான தங்கூசி அதற்குப் பொருந்தும் என்பது. உங்களுக்கு 5 முதல் 20 கிராம், 6 முதல் 12 இறாத்தல் என்ற அளவை ஒட்டி இருந்தால் சரி. மீடியம் அல்லது மீடியம் லைட் என்று போட்டிருப்பார்கள்.

கடைக்குப் போகும் எல்லோரும் "எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். "நான் எறியப்போவது எத்தனை கிராம்?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. உங்கள் மிதவை, ஈயம், உருட்டிய கோதுமை மா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 15 கிராம் வந்தாலே பெரிது. தடி என்பது ஒரு வில். பின்னால் கொண்டுபோய் வீசும்போது நுனியில் இருக்கும் எடைதான் அதை வளைக்கிறது, வளைந்தது நிமிரும்போது தூண்டில் பறக்கிறது. 100 கிராம் ஈயத்துக்கென்று செய்த கடல் தடிக்கு உங்கள் 15 கிராம் ஒரு பொருட்டே இல்லை. அது வளையாது, நீங்கள் தோள் நோக வீசினாலும் தூண்டில் காலடியில் விழும். மீன் கடிப்பதும் கைக்குத் தெரியாது. திலாப்பியா இரையை மெல்ல இழுத்துப் பார்க்கிற மீன், அதற்கு நுனி மென்மையாக இருக்க வேண்டும்.

இறாத்தல் கணக்கைப் பாண் வாங்கும் கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இறாத்தல் ஏறக்குறைய 450 கிராம், 10 இறாத்தல் தங்கூசி என்றால் நான்கரைக் கிலோ. இரண்டு கிலோக் கெண்டைக்கு அது தாராளம். பலமாக இருக்கட்டும் என்று 30 இறாத்தல் தங்கூசியைச் சுற்றினால், தூண்டில் முள் எங்காவது மாட்டி இழுக்கும்போது தங்கூசி அறாது, தடிதான் முறியும். நம்முடைய நீர்த்தேக்கங்களில் இது சும்மா சொல்கிற பயம் இல்லை. ஒரு காலத்தில் ஆட்கள் நடந்த நிலம்தானே தண்ணீருக்குள் போனது? மவுசாகலையில் தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடு வெளியே தெரியும். அடியில் கல், மரக்கட்டை எல்லாம் அப்படியே கிடக்கின்றன. தண்ணீர் இறங்கியிருக்கும்போது உங்கள் கரையை ஒருமுறை பார்த்து, எங்கே கட்டை நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முள் மாட்டிக்கொண்டால் தடியை உயர்த்தி இழுக்காமல், நுனியை மாட்டிய இடத்துக்கு நேராக நீட்டிப் பின்னால் நடங்கள். பாரம் தங்கூசியில் மட்டும் விழும்.

அந்த 12 அடி செட்? பஸ்ஸில் கொண்டுபோக வசதி, உண்மைதான். மடக்கினால் பைக்குள் போய்விடும். நானும் ஆரம்பத்தில் அந்த வசதிக்கு மயங்கி ஒன்று வாங்கினேன். மூன்றாவது தடவை கரையில் வைத்ததில் துண்டுகளுக்கு இடையே மணல் போய், பாதி நீண்ட நிலையிலேயே இறுகிக்கொண்டது. அப்படியே தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நுனித் துண்டு பஸ் கதவோடு போயிற்று. இந்த ரகத்தில் துண்டுக்கு ஒரு வளையம்தான் இருக்கும்; அதனால் தடி வளையும்போது பாரம் சீராகப் பரவாது. நீளம் கூடியதால் முன்பாரமும் கூடும், ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். ரீல் இல்லாமல் கரையோரம் போட என்றால் நீளத் தடி நல்லதுதான். ஆனால் அந்த வேலையை உங்கள் மூங்கில் ஏற்கெனவே செய்கிறதே. அதைத் தூக்கிப் போடாதீர்கள். கரையிலிருந்து 10, 12 அடிக்குள் மேயும் திலாப்பியாவுக்கு இன்றும் நான் மூங்கிலைத்தான் எடுப்பேன்.

பைபர் கண்ணாடியா, காபனா என்று கடைக்காரர் கேட்பார். காபன் இலேசு, கடி நன்றாகத் தெரியும், ஆனால் கல்லில் ஒரு அடி பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து பிறகு ஒரு நாள் முறியும். பைபர் கண்ணாடி கொஞ்சம் பாரம், முரட்டுக் கைக்கும் தாங்கும். முதல் தடிக்கு பைபர், அல்லது இரண்டும் கலந்தது. இன்னொன்று: காபன் மின்சாரத்தைக் கடத்தும். கரைக்கு மேலால் மின்கம்பி போகிற இடத்தில் தடியைத் தூக்காதீர்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால், எந்தத் தடியானாலும் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டுப் போங்கள்.

கடைக்குப் போகும்போது கொஞ்சம் பஞ்சு கொண்டுபோங்கள். ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் பஞ்சைத் தேய்த்து எடுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது தங்கூசியை அறுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு துண்டையும் பொருத்தி மெல்ல ஆட்டுங்கள், "டக்" என்று சத்தம் கேட்டால் வேறொன்று கேளுங்கள். பிறகு நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், வளையங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும்.

ரீல் 2000 அல்லது 2500 என்று எண் போட்ட அளவு போதும். உள்ளே எத்தனை பெயரிங் என்ற பெருமைக்குக் காசு கொடுக்க வேண்டாம். மீன் இழுக்கும்போது தங்கூசி வழுக்கிப் போக விடும் திருகு சீராக வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, தடியில் கோர்க்காமல், ரீலிலிருந்து வரும் தங்கூசியில் நேரே கட்டித் தூக்குங்கள். போத்தல் மெல்ல இறங்கும் அளவுக்குத் திருகை வையுங்கள். 10 இறாத்தல் தங்கூசிக்கு அது சரியான இறுக்கம்.

பிறகு தாழ்ந்த பக்கம் போய் விராலுக்குப் போடுவதென்றால் இன்னும் விறைப்பான தடி வேண்டும். நுவரெலியாப் பக்கத்து ஓடைகளுக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்த டிரவுட்டுக்கு வேறு வகைத் தடி; அங்கே எறிவது ஈயத்தை அல்ல, தடித்த நூலின் எடையை. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலைக் கொண்டுபோகாதீர்கள்.

தடி முறிவது பெரும்பாலும் மீன் காலடிக்கு வந்த பிறகுதான். சந்தோஷத்தில் தடியைத் தலைக்குப் பின்னால் உயர்த்துவோம், பாரம் முழுவதும் நுனியில் விழும். தடியைத் தாழ்த்திப் பிடித்து, மீனை வலையால் அள்ளுங்கள். அள்ளுவதற்கு வலை இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் பழைய கொழுந்துக் கூடை போதும். தண்ணீர் தானாக வடிந்துவிடும்.