விசா கையில் இருக்கும்போது ஊர்வலம் வேண்டாம்

அலுவலகத் தெருவில் தினமும் ஆர்ப்பாட்டம், கூட வேலை செய்பவர்கள் கூப்பிடுகிறார்கள், விசா முடிய இரண்டு மாதம்தான், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். கோரிக்கை நியாயமாகவே இருக்கலாம், ஆனால் பிடிபட்டால் உள்ளூர்க்காரர்களான அவர்கள் நாலு நாளில் வெளியே வந்துவிடலாம், உங்களுக்கு விசாவே போய்விடும். 2024 ஜூலையில் அமீரகத்தில் தங்கள் சொந்த நாட்டு அரசை எதிர்த்து ஊர்வலம் போன 57 வங்கதேசத்தவருக்கு 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை விதித்தார்கள், செப்டம்பரில் மன்னிப்புக் கிடைத்தும் நாடுகடத்தல்தான். வேடிக்கை பார்க்கக்கூட நிற்காதீர்கள். அப்புறம், அதே ஜூலையில் வங்கதேசத்தில் இணையத்தையே துண்டித்தார்கள், அதனால் தூதரக எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். விசா விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள், ஊரடங்கு வந்து விசா அலுவலகம் மூடினால் தேதி தாண்டிவிடும்.