கார்டை மாற்றினால் நகரம் ஓடுமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்று நகரம் கட்டும் கேம் விளையாடுகிறான். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது அவனுடைய நகரத்தில் ஒன்றரை லட்சம் பேர் ஆகிவிட்டார்களாம். கார்கள் நத்தை மாதிரி நகர்கின்றன, திரை விட்டுவிட்டு அசைகிறது. கடையில் கேட்டால், "கிராபிக்ஸ் கார்டு பழசு, 32,000 ரூபாய்க்குப் புதுசு போட்டால் பறக்கும்" என்கிறார்கள். கம்ப்யூட்டர் 2021இல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. வாங்கித் தரலாமா? (ஒரு தாய், திருச்சி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. அந்த 32,000 பீரோவிலேயே இருக்கட்டும். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடும் கேம்கள் பலவற்றுக்கு அவர் சொல்வதுதான் மருந்து. இது வேறு வகைக் கேம்.

கிராபிக்ஸ் கார்டின் வேலை படம் வரைவது. எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர். உங்கள் மகனின் நகரத்தில் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் எந்தத் தெரு வழியாகப் போவது, நடப்பதா, பஸ் பிடிப்பதா என்று தனித்தனியாக வழி தேடுகிறார். குப்பை லாரியும் அப்படித்தான், பிணவண்டியும் அப்படித்தான். ஒரே நேரத்தில் தெருவில் 65,536 மனிதர்கள், 16,384 வண்டிகள் வரை இந்தக் கேம் அனுமதிக்கும். ஊர் சின்னதாக இருந்தபோது சில நூறு பேருக்கு வழி தேடிய பிராசசர், இப்போது அந்த உச்சவரம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கல்யாணப் பந்தியில் பரிமாற இருபது பேர் வாளியோடு நிற்கிறார்கள், உள்ளே சாதம் இன்னும் வேகவில்லை என்று வையுங்கள். பரிமாற இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட்டால் பந்தி நகராது.

இதை என் வார்த்தையை நம்பி ஏற்க வேண்டாம். மகனையே சோதிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, காலணா செலவில்லை. கேமின் அமைப்பில் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து, நிழல், புல், நுரை என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதே நகரத்தைத் திறக்கட்டும். அப்போதும் அதே இழுவை என்றால் குற்றவாளி கார்டு இல்லை. இன்னொன்று: வேகப் பொத்தானை ஒன்றில் வைத்து நாள் நகர்வதைப் பார்க்கட்டும், பிறகு மூன்றில் வைக்கட்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போனால், பிராசசருக்கு அதற்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை என்று பொருள்.

பையன் ஒரு இடத்தில் ஏமாறலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிராசசர் 35 சதவீதம்தான் என்று காட்டும். "பிராசசர் சும்மாதாம்மா இருக்கு, கார்டுதான் பிரச்சினை" என்று ஓடி வருவான். அந்த வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டம் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரியும். 3600இல் ஆறு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). கேமின் தலையாய கணக்கு ஒரே த்ரெட்டில் ஓடும்போது அது ஒன்று மட்டும் முழுசாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதம்தான். மற்றவை பெரும்பாலும் சும்மா நிற்பதால் சராசரி குறைவாகத் தெரிகிறது. (த்ரெட் வேலையை விண்டோஸ் இடம் மாற்றி மாற்றிக் கொடுப்பதால், எந்தக் கட்டமும் நிலையாக 100இல் நிற்காமலும் போகலாம்.) அதே திரையில் கார்டின் சதவீதத்தையும் பாருங்கள். அது 95க்கு மேல் ஒட்டிக்கொண்டு நின்றால் நான் தோற்றேன், கடைக்காரர் ஜெயித்தார். 40, 50இல் சுற்றிக்கொண்டிருந்தால் அது வேலைக்காகக் காத்திருக்கிறது.

இவ்வளவு உறுதியாகப் பேசக் காரணம், நானே ஒருமுறை சூடு பட்டவன். இதே மாதிரி ஒரு கேமுக்காகப் பாதிச் சம்பளத்தைக் கொட்டிக் கார்டு வாங்கி மாட்டினேன். தண்ணீரில் நிழல் அழகாக விழுந்தது. ரயில் மட்டும் முன்பு நின்ற அதே இடத்தில் நின்றது.

செலவில்லாத வைத்தியம் ராமில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற இடத்தில் இரண்டு விவரம் இருக்கும். ஒன்று வேகம். ராம் குச்சியின் மேல் 3200 என்று அச்சடித்திருக்கும், திரையில் 2400 அல்லது 2666 என்று காட்டும். கம்ப்யூட்டரைப் பூட்டியவர் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ராமை அச்சடித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்கிற அமைப்பை (சில மதர்போர்டில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று இருக்கும்) போடாமல் விட்டிருக்கிறார். பல வருஷமாக வாங்கிய வேகத்தில் ஓடாத கம்ப்யூட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போது டெலீட் விசையை அழுத்தி உள்ளே போய் அதை ஆன் செய்தால் போதும். இரண்டாவது, எத்தனை இடத்தில் ராம் மாட்டியிருக்கிறது என்பது. 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் பாதை பாதியாகிவிடும். முதல் செலவாக அதே மாதிரியான இன்னொரு 16 ஜிபி குச்சி வாங்குங்கள். பாதை அகலமாகும், இடமும் இரட்டிப்பாகும். இந்தக் கேமில் இடம் முக்கியம். வொர்க்‌ஷாப்பில் (மற்றவர்கள் செய்து பகிரும் இடம்) இருந்து மகன் இறக்கிவைத்த கோயில், பாலம், பஸ் எல்லாம், நகரத்தில் வைத்தாலும் வைக்காவிட்டாலும், ராமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பயன்படுத்தாததை அணைக்கச் சொல்லுங்கள். இருக்கிற நகரத்தில் நட்டதை அணைத்தால் அது காணாமல் போகும், ஆகவே முதலில் சேவ் ஃபைலை நகல் எடுத்துக்கொள்ளட்டும். போக்குவரத்து மாட்களில் (கேமில் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) ஒவ்வொரு வண்டியும் லேன் மாற்றுவதை நுணுக்கமாகக் கணக்கிடும் வசதிகள் இருந்தால் அவற்றையும் அணைத்துப் பார்க்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பணம் போட மனசிருந்தால், போட வேண்டிய இடம் பிராசசர். பி450 போர்டிலேயே, பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி மாட்டலாம். 3600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, இவற்றில் 96 எம்பி. கணக்குப் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் பரணில் ஏறி நோட்டை எடுக்காமல் மேஜை மேலேயே வைத்துக்கொள்கிற வசதி அது. இந்த வகைக் கேம்களுக்கு அதுதான் உயிர். இவை கடைகளில் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழையது வாங்கினால் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 3600உடன் வந்த சின்னக் கூலர் இவற்றுக்குப் போதாது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஃபேக்டோரியோவில் யூபிஎஸ் 60லிருந்து 38க்கு வந்துவிட்டது. 16 கோர் பிராசசர் வாங்கினால் தீருமா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: மேலே அம்மாவுக்குச் சொன்ன யூபிஎஸ் கரண்ட் போனால் காப்பாற்றும் பெட்டி, இவர் கேட்பது 'அப்டேட்ஸ் பெர் செகண்ட்', அதாவது தொழிற்சாலை கட்டும் இந்தக் கேம் நொடிக்கு எத்தனை முறை கணக்குப் போடுகிறது என்பது. ஃபேக்டோரியோ தன் தொழிற்சாலையை நொடிக்கு 60 முறை கணக்கிடும். ஒரு முறைக்கு 16.67 மில்லி நொடிதான் அவகாசம். அதைத் தாண்டினால் விளையாட்டின் காலமே மெதுவாகும்.

16 கோர் வேண்டாம். ஒரு இன்சர்ட்டர் (பொருளை எடுத்து மெஷினில் போடும் கை) எடுப்பதைப் பொறுத்துத்தான் அடுத்த மெஷின் ஓடும். அந்தக் கணக்கைப் பதினாறு பேருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. 7950எக்ஸில் 16 கோர், எல்3 கேஷ் 64 எம்பி. 7800எக்ஸ்3டியில் பாதிதான், 8 கோர், ஆனால் கேஷ் 96 எம்பி. இந்தக் கேமுக்கு நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன். வீடியோ எடிட்டிங்கும் செய்பவர் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வாங்குவதற்கு முன் எஃப்4 அழுத்தி, 'ஷோ டைம் யூசேஜ்' என்பதை டிக் செய்யுங்கள். எது எத்தனை மில்லி நொடி தின்கிறது என்று திரையின் ஓரத்தில் வரிவரியாக வரும். எதிரிப் பூச்சிகள் நேரம் தின்றால், புகை பரவும் எல்லைக்குள் இருக்கிற கூடுகளை அழியுங்கள். இன்சர்ட்டர் என்றால், மெஷினின் வேகத்தைக் கூட்டும் பீக்கனும் மாட்யூலும் போட்டு மெஷின்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மின்சாரத்துக்கு அணு உலையை விடச் சோலார் நல்லது. ஆயிரக்கணக்கான பேனல்களையும் கேம் ஒரே கணக்காகத்தான் போடுகிறது, உலையில் வெப்பக் குழாயும் நீராவியும் தனித்தனிக் கணக்கு.

கேள்வி: லேப்டாப்பில் ஃப்ளைட் சிமுலேட்டர் இருபது நிமிடம் நன்றாகப் பறக்கிறது, பிறகு திக்குகிறது. கூலிங் பேட் வாங்கவா? (சேலம் வாசகர்)

பதில்: முதல் இருபது நிமிடம் நன்றாக இருந்து பிறகு திக்கினால் பெரும்பாலும் சூடுதான். பிராசசர் தன் வெப்ப எல்லையை எட்டும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கூலிங் பேடுக்கு முன் உள்ளே அடைத்திருக்கும் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே செய்யுங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம். சார்ஜர் செருகித்தான் பறக்க வேண்டும். மெத்தை மேல் வைத்து விளையாடுகிறீர்களா என்று கேட்க மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

முதல் நிமிடத்திலிருந்தே திக்கினால் கேமின் அமைப்பில் டெவலப்பர் மோடை ஆன் செய்து எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு) திரையைப் பாருங்கள். 'மெயின்த்ரெட்' தடுக்கிறது என்று எழுதியிருந்தால் பிராசசர்தான் திணறுகிறது; டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயிலையும் (நிலப்பரப்பின் நுணுக்கம்) விமான நிலைய நெரிசலையும் குறையுங்கள், காக்பிட் கண்ணாடித் திரைகளின் ரெஃப்ரெஷ் ரேட்டையும் இறக்குங்கள்.

கேள்வி: 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' வாங்கி 40 மணி நேரம் விளையாடிய பிறகுதான் லேக் ஆரம்பித்தது. கேம் வாங்கிய ஆன்லைன் கடையான ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். நியாயமா? (சென்னை வாசகர்)

பதில்: அவர்கள் விதிப்படி சரி. வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் கேள்வி கேட்காமல் தருவார்கள். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சிமுலேஷன் கேமில் இரண்டு மணி நேரத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டு கூடக் கட்டி முடியாது, லேக் எங்கிருந்து தெரியும்? ஆகவே வாங்கிய அன்றே, வேறு யாராவது பகிர்ந்திருக்கும் பெரிய நகரத்தின் சேவ் ஃபைலை இறக்கித் திறந்து பாருங்கள். ஐம்பது மணி நேரம் கழித்து வரப்போகும் லேக் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கேமுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2023 அக்டோபர் 24இல் வெளியாவதற்கு முன்பே, வேகத்தில் தாங்கள் நினைத்த இலக்கை எட்டவில்லை என்று தயாரித்தவர்களே அறிவித்தார்கள், தேவைப்படும் கம்ப்யூட்டரின் அளவையும் உயர்த்தினார்கள். வெளியானபோது இதில் கார்டுதான் முதலில் திணறியது. தூரத்தில் எறும்பாகத் தெரியும் மனிதர்களுக்கும் வாய்க்குள் பல்வரிசை வரை முழுசாக வரைந்துகொண்டிருந்தது. பிறகு பல அப்டேட்கள் வந்தன. திருச்சி அம்மாவின் மகன் இந்த இரண்டாம் பாகத்தைக் கேட்டால், மேலே நான் சொன்ன தீர்ப்பு செல்லாது. கார்டு, பிராசசர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கார்டு வாங்கி மாட்டியும் கேம் வேகமாகவில்லை. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். என்ன செய்வது? (ஈரோடு வாசகர்)

பதில்: பழுதான பொருள் என்றால் அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(47)இன்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம், தமிழிலும் பேசலாம்.

உங்கள் கார்டு பழுதில்லை, நன்றாக வேலை செய்கிறது, உங்கள் கேமுக்குத்தான் உதவவில்லை. இதில் சட்டம் உங்கள் பக்கம் அவ்வளவு வலுவாக நிற்காது. 'இதைப் போட்டால் இந்தக் கேம் வேகமாகும்' என்று கடைக்காரர் வாட்ஸப்பில் எழுதியிருந்தால் அதை எடுத்து வையுங்கள், பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். வாயால் சொன்னதுதான் என்றால், பெட்டி, பில், சீரியல் எண் எல்லாம் பத்திரமாக இருக்கும்போதே இந்த வாரமே போய், கொஞ்சம் கழித்துக்கொண்டாவது பிராசசருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மாற்றிக் கொடுத்தால், புது பிராசசர் சீல் பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள். பெட்டியில் வரும் ஏஎம்டி பிராசசருக்கு மூன்று வருட வாரண்டியைக் கம்பெனியே தரும். பெட்டியில்லாத டிரே சரக்குக்கு அந்தக் கடைக்காரரையே நம்பியிருக்க வேண்டும்.