கொதிக்க வைத்த பப்பாளி விழுதும் ஜவ்வுக் கறியும்

கேள்வி: புளியரையில், கொல்லம் ரோட்டோரம் சின்ன மெஸ் நடத்துகிறேன். கிடாய்க்கறி சீக்கிரம் வேக, பப்பாளிக்காய் அரைத்துப் பிசிறி வைப்பது வழக்கம். தினமும் அரைக்கச் சோம்பல்பட்டு மொத்தமாக அரைத்து, கெட்டுப்போகக்கூடாதென்று சுண்டக் கொதிக்க வைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். அதிலிருந்து கறி ஜவ்வு மாதிரி இழுக்கிறது. லாரிக்காரர்கள் பரோட்டாவை மட்டும் தின்றுவிட்டுக் கறியைத் தட்டிலேயே விட்டுப் போகிறார்கள். காய் சரியில்லையா?

பதில்: காய் மேல் பழி இல்லை. கொதிக்க வைத்தீர்களே, அங்கேதான் போயிற்று.

பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. அதுவும் புரதம்தான், இன்னொரு புரதத்தை நறுக்கும் புரதம். 212 அமினோ அமிலங்கள் ஒரே சரமாகக் கோத்தது. வெட்டும் வேலையில் முக்கியமானவை 25ஆவதும் 159ஆவதும். சரத்தை நீட்டிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே 133 பேர். பூக்கடையில் மல்லிகைச் சரத்தைப் பந்தாகச் சுருட்டி வைப்பார்களே, அப்படி மடிந்தால்தான் இரண்டும் ஒரு பள்ளத்தின் இரு கரையில் எதிரெதிரே வந்து நிற்கும். கறியின் புரத இழை அதற்குள் வந்தால் துண்டு. ஆனால் பூக்காரர் கைபோன போக்கில் சுருட்டுவார். பப்பைன் ஒவ்வொன்றும் அச்சு மாறாமல் மடியும்.

கொதியில் அந்த மடிப்புக் கலைந்துவிட்டது. சரம் அறவில்லை, ஒரு பூ உதிரவில்லை; 25ம் 159ம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. அவித்த முட்டையை ஆறவைத்தால் வெள்ளைக்கரு மறுபடி இளகுமா?

கறியில் இழுக்கும் சவ்வு, கொலாஜன். மூன்று இழைகளைக் கயிறாக முறுக்கிய புரதம். அந்த மூவிழை வடிவத்தை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து முன்வைத்த ஜி.என். ராமச்சந்திரன், உங்கள் பார்டருக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளத்தில் பிறந்தவர். முறுக்கு இறுகியிருக்கும்வரை பப்பைனுக்கும் எளிதில் பல் இறங்காது. சூட்டில் தளர்ந்தால்தான் வெட்டு விழும். ஆகவே எடுத்ததும் பெருந்தீ வைக்காதீர்கள். கை பொறுக்காத சூட்டுக்கும் கொதிக்கும் இடைப்பட்ட நேரம்தான் அதன் வேலை நேரம்.

இனி, பச்சையாகவே அரைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். குளிர் அதன் வேலையை நிறுத்தி வைக்கும், கொதியைப் போல் கெடுக்காது. பால் தோலில் அதிகம், தோலைச் சீவிவிடாதீர்கள். பழுத்த காய் வேண்டாம். ஒரு கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அரை மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கறி கூழாகிவிடும்; அதற்கு ஜவ்வே தேவலை.